தகவல் காத்த கதை – 19: பேரேடு யார் கையில்?

பத்தாயிரம் வட்டுகள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கூடத்தில், ஒரு கோப்பின் ஒரு துண்டு எந்த வட்டில் கிடக்கிறது என்பது யாருக்குத் தெரியும்? கணினிக் கூட்டங்களுக்கான கோப்பு முறைமைகளை உருவாக்கிய எல்லோரும் இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடினார்கள். வேகம், கொள்ளளவு, செலவு எல்லாமே அந்த விடையிலிருந்து கிளைத்தவை. 2003-லும் அதை அடுத்த சில ஆண்டுகளிலும் நான்கு விடைகள் வந்தன. ஒவ்வொன்றும் பிறந்த இடம் வேறு, அஞ்சிய ஆபத்து வேறு. இதை மறந்துவிட்டு நான்கையும் ஒரே தராசில் நிறுப்பவர்கள் இன்றும் தவறான முடிவுக்கு வருகிறார்கள்.

முந்தைய இரண்டு பகுதிகளில் 1980-களைப் பார்த்தோம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் என்.எஃப்.எஸ். என்ற வலைக் கோப்பு முறைமை ஒரு பக்கம், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டுப் பிட்ஸ்பர்க் போன மகாதேவ் சத்யநாராயணனும் அவருடைய குழுவினரும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கட்டிய ஏ.எஃப்.எஸ். இன்னொரு பக்கம். வளாகத்தில் எந்த மேசைக் கணினியில் உட்கார்ந்தாலும் தன் கோப்புகள் கண்முன் விரியும் என்பது அன்று பெரிய விடுதலை. ஆனால் அந்தத் தலைமுறையில் ஒரு கோப்பு முழுவதும் ஒரே சர்வரில்தான் இருந்தது. அந்த சர்வரின் வலைக் கம்பி எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் வேகம். அதன் வட்டு போனால், சரிசெய்யும்வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்த அடியும் பிட்ஸ்பர்க்கிலேயே எடுத்துவைக்கப்பட்டது. பல வட்டுகளைச் சேர்த்து ஒரே வட்டுபோல நடத்தும் ரெய்டு முறை பற்றி 1988-ல் ஆய்வுக் கட்டுரை எழுதிய மூவரில் ஒருவரான கார்த் கிப்சன், 1990-களில் கார்னகி மெலனில் ஓர் ஆய்வுக் குழுவை நடத்தினார். வட்டுகள் நேரடியாக வலையில் இணையட்டும், சர்வர் வழியாக எதற்கு என்பது அவர்களுடைய கேள்வி. கோப்பின் பெயர், உரிமை, இருப்பிடம் ஆகியவற்றைச் சொல்ல ஓர் இயந்திரம் போதும். சொன்ன பிறகு அது விலகிக்கொள்ள வேண்டும். தகவல் வட்டிலிருந்து கேட்டவரிடம் நேராகப் போய்விட வேண்டும். கிராமக் கணக்குப்பிள்ளை எந்த வயல் யாருடையது என்று பேரேட்டைப் பார்த்துச் சொல்வார். நெல் மூட்டையை அவர் தூக்குவதில்லை. இந்த எண்ணத்தை விவரித்து 1998-ல் வெளியான கட்டுரையின் ஆசிரியர்களில் ஹோவர்ட் கோபியாஃப் என்ற ஆய்வு மாணவரும் ஒருவர். அவர் பெயரை நினைவில் வையுங்கள், ஐந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் வருவார்.

இனி அந்தப் பேரேடு யார் கையில் இருந்தது என்பதுதான் கதை.

முதல் விடை அணுகுண்டு ஆய்வகத்திலிருந்து வந்தது. 1992 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்கா அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்திவிட்டது. கையில் இருக்கும் ஆயுதங்கள் எப்படி முதுமையடைகின்றன என்பதை இனி கணினியில்தான் பார்க்க முடியும் என்ற நிலை. லாரன்ஸ் லிவர்மோர், லாஸ் அலமாஸ், சாண்டியா ஆகிய மூன்று தேசிய ஆய்வகங்களும் ஆயிரக்கணக்கான செயலிகளைக் கூட்டி மாதக்கணக்கில் கணக்குப் போட்டன. அத்தனை செயலிகள் ஓடும்போது ஏதாவது ஒன்று அடிக்கடி விழும். விழுந்தால் முழுக் கணக்கையும் முதலிலிருந்து தொடங்க முடியாது. எனவே குறிப்பிட்ட இடைவெளியில் எல்லாச் செயலிகளும் தங்கள் நினைவகத்தில் இருப்பதை ஒரே நேரத்தில் வட்டில் கொட்டிவிட வேண்டும். கொட்டும் நேரம் முழுவதும் கணக்கு நின்றுபோகும். கோப்பு முறைமையின் வேகம் அங்கே ஆடம்பரம் அல்ல. பல கோடி டாலர் இயந்திரம் வேலை செய்கிறதா, சும்மா நிற்கிறதா என்பதை முடிவு செய்வது அதுதான்.

இதற்காகப் பிறந்தது லஸ்டர். பீட்டர் பிராம் 1999-ல் கார்னகி மெலனில் இருந்தபோது தொடங்கியது. 2001-ல் தனி நிறுவனம். 2003-ல் முதல் பதிப்பு. அதே ஆண்டு லிவர்மோரின் எம்.சி.ஆர். கணினிக் கூட்டத்தில் அது வேலைக்கு வந்தது. இதில் பேரேடு ஒரு மெட்டாடேட்டா சர்வரிடம் இருக்கும். கோப்பைத் திறக்க அதைக் கேட்க வேண்டும். அது, உன் கோப்பு இந்த நாற்பது சேமிப்பு இலக்குகளில் வரிசையாகப் பரவியிருக்கிறது என்று ஒருமுறை சொல்லும். அதன்பின் நாற்பதிலும் ஒரே நேரத்தில் எழுதலாம், படிக்கலாம். இரண்டு செயலிகள் ஒரே கோப்பின் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளாமல் பூட்டு மேலாளர் பார்த்துக்கொள்ளும். யூனிக்ஸ் கோப்புக்குரிய எல்லா விதிகளையும் லஸ்டர் மதித்தது. விஞ்ஞானிகள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஃபோர்ட்ரான் நிரல்களில் ஒரு வரியைக்கூட மாற்றச் சொல்ல முடியாது என்பதால், வேறு வழியும் இல்லை.

லஸ்டர் நெடுங்காலம் செய்யாதது ஒன்று உண்டு. அது நகல் எடுக்கவில்லை. ஒவ்வொரு சேமிப்பு சர்வரின் பின்னாலும் விலை உயர்ந்த ரெய்டு பெட்டி இருக்கும், ஒரு சர்வர் விழுந்தால் அதன் ஜோடி அந்தப் பெட்டியை ஏற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. கோப்பை இரண்டு இடத்தில் வைக்கும் வசதி 2018-ல் வந்த 2.11 பதிப்பில்தான் சேர்ந்தது. குறை என்று இதைச் சொல்பவர்கள் அது யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். நல்ல வன்பொருள் வாங்கப் பணம் உள்ளவர்களுக்காக, பத்து நிமிடம் கழித்துப் புதிய பதிவு எழுதப்போகிறவர்களுக்காகக் கட்டியது அது.

இதே தேவைக்கு ஐ.பி.எம். நிறுவனம் 1998 முதல் ஜி.பி.எஃப்.எஸ். என்ற முறைமையை விற்றுவந்தது. பல்லூடகக் கோப்புகளுக்காகத் தொடங்கிய ஆய்விலிருந்து வந்த, உறுதியான படைப்பு. உரிமக் கட்டணம் கட்ட முடிந்தவர்கள் அதை வாங்கினார்கள், இன்றும் வாங்குகிறார்கள்.

இரண்டாவது விடைக்காக 2003 அக்டோபருக்கு வருவோம். நியூயார்க் மாநிலத்தின் போல்டன் லேண்டிங் என்ற ஊரில் இயக்க முறைமை ஆய்வாளர்களின் மாநாடு. சஞ்சய் கெமாவத், ஹோவர்ட் கோபியாஃப், ஷுன்-டாக் லியுங் மூவரும் கூகுள் கோப்பு முறைமை பற்றிய கட்டுரையை அளித்தார்கள். பிட்ஸ்பர்க் மாணவர் கோபியாஃப் திரும்பி வந்துவிட்டார். ஆனால் அவர் இப்போது நின்ற இடம் லிவர்மோருக்கு நேர் எதிரானது. கூகுள் வாங்கியவை மலிவான கணினிகள். அந்தக் கட்டுரையின் சோதனை இயந்திரங்களில் இரண்டு பென்டியம் 3 செயலிகள், 2 கிகாபைட் நினைவகம், 80 கிகாபைட் வட்டுகள் இரண்டு. ரெய்டு கிடையாது. அப்படிப்பட்டவை ஆயிரத்துக்கும் மேல். ஏதோ ஒன்று எப்போதும் பழுதாகித்தான் கிடக்கும் என்பதைத் தொடக்க விதியாக ஏற்றுக்கொண்டு அவர்கள் வரைந்தார்கள். பழுதை விபத்தாக நினைத்தவர்களுக்கும் அன்றாடமாக நினைத்தவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை இந்தக் கட்டுரையில் துல்லியமாகப் பார்க்கலாம்.

கோப்பை 64 மெகாபைட் துண்டுகளாக வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று நகல், மூன்று வெவ்வேறு இயந்திரங்களில். பேரேடு முழுவதும் ஒரே ஒரு தலைமை இயந்திரத்தின் நினைவகத்தில். ஒரு துண்டைப் பற்றிய விவரம் 64 பைட்டுக்கும் குறைவு. எனவே 155 டெராபைட் நிரம்பியிருந்த கூட்டத்துக்குத் தலைமை இயந்திரத்தில் 60 மெகாபைட் மெட்டாடேட்டா போதுமானதாக இருந்தது. இன்று ஒரு கைபேசிச் செயலி அதைவிட அதிகம் கேட்கும்.

என்னை மிகவும் கவர்ந்த முடிவு வேறு. எந்தத் துண்டு எந்த இயந்திரத்தில் இருக்கிறது என்ற தகவலைத் தலைமை இயந்திரம் வட்டில் எழுதி வைப்பதே இல்லை. கோப்புப் பெயர்களையும், எந்தக் கோப்புக்கு எந்தத் துண்டுகள் என்பதையும் எழுதி வைக்கும். இருப்பிடத்தை மட்டும், எழுந்தவுடன் ஒவ்வொரு இயந்திரத்திடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளும். தன் வட்டில் என்ன இருக்கிறது என்பதில் இறுதிச் சொல் அந்த இயந்திரத்துடையது. வட்டு கெட்டிருக்கலாம், யாரோ பெயரை மாற்றியிருக்கலாம், பேரேட்டில் பழைய எழுத்து இருந்து என்ன பயன்? தலைமையிடத்தில் எழுதியதைவிடக் களத்தில் இருப்பதே உண்மை என்று ஒரு பொறியியல் முடிவாகவே எழுதி வைத்தார்கள். முதலில் இருப்பிடத்தையும் எழுதி வைக்க முயன்று, அது ஓயாத ஒத்திசைவுத் தொல்லை என்று கண்டு கைவிட்டவர்கள் அவர்கள்.

சோதனைக்காக அவர்கள் ஓர் இயந்திரத்தை வேண்டுமென்றே கொன்றார்கள். அதில் 15,000 துண்டுகள், 600 கிகாபைட். எல்லாத் துண்டுகளும் மீண்டும் மூன்று நகல்களாக 23.2 நிமிடங்கள் ஆயின. அடுத்து இரண்டு இயந்திரங்களை ஒன்றாகக் கொன்றார்கள். 266 துண்டுகள் ஒற்றை நகலோடு தவித்தன. அவற்றுக்கு முதலிடம் கொடுத்து, 2 நிமிடங்களுக்குள் குறைந்தது இரண்டு நகலாக்கிவிட்டது முறைமை. அதுவரை சேமிப்புச் சாதன விளம்பரங்கள் வினாடிக்கு எத்தனை மெகாபைட் என்றுதான் பேசின. செத்த பிறகு எத்தனை நிமிடத்தில் எழும் என்பதையும் அளந்து காட்டிய கட்டுரை இது.

இன்னொரு செய்தியும் அதில் இருக்கிறது. அவர்களுடைய பல வட்டுகள், தாங்கள் பல வகை ஐ.டி.இ. நெறிமுறைகளை ஏற்பதாக லினக்ஸிடம் சொல்லின; உண்மையில் புதிய வகைகளுக்கு மட்டுமே ஒழுங்காகப் பதில் தந்தன. நெறிமுறைகள் பெரும்பாலும் ஒன்றுபோல் இருந்ததால் வேலை நடந்தது. எப்போதாவது வட்டின் நிலை என்ன என்பதில் வட்டுக்கும் லினக்ஸுக்கும் கருத்து மாறும். தகவல் சத்தமில்லாமல் கெடும். பிழைச் செய்தி வராது, விளக்கு எரியாது. இதனால்தான் ஒவ்வொரு 64 கிலோபைட்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை வைத்தார்கள். படிக்கும் ஒவ்வொரு முறையும் எண் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டே தகவலை வெளியே விட்டார்கள். இன்றும் பல பெரிய சேமிப்பு முறைமைகள் இந்தப் பழக்கத்தை விடவில்லை.

கூகுள் நிரலை வெளியிடவில்லை, கட்டுரையை மட்டும் வெளியிட்டது. அது போதுமாக இருந்தது. நட்ச் என்ற திறமூலத் தேடுபொறியைக் கட்டிக்கொண்டிருந்த டக் கட்டிங்கும் மைக் கஃபரெல்லாவும் கட்டுரையைப் படித்துவிட்டு, 2004-ல் ஜாவாவில் தங்கள் கோப்பு முறைமையை எழுதினார்கள். 2006-ல் கட்டிங் யாஹூவில் சேர்ந்தார். அந்தப் பகுதி ஹடூப் என்ற பெயரில் தனித் திட்டமானது. அதன் கோப்பு முறைமை எச்.டி.எஃப்.எஸ். 2010-ல் யாஹூ பொறியாளர்கள் எழுதிய கட்டுரையின்படி, அந்நிறுவனத்தில் 3,500 இயந்திரங்கள் கொண்ட கூட்டங்கள் ஓடின. மொத்தமாக 25 பெட்டாபைட் தகவல் அவற்றில் இருந்தது. ஒவ்வோர் இயந்திரமும் 3 வினாடிக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லும். 10 நிமிடம் சத்தம் இல்லையென்றால் அது இறந்ததாகக் கொள்ளப்பட்டு, அதிலிருந்த துண்டுகளுக்குப் புதிய நகல்கள் எடுக்கப்படும். மாதம் 0.8 சதவீத இயந்திரங்கள் பழுதாயின என்றும் அதே கட்டுரை எழுதியது.

ஒரே பேரேட்டின் விலை இங்கேதான் வெளிப்பட்டது. 10 கோடி கோப்புகள், 20 கோடி துண்டுகள் என்றால், பேரேட்டை வைத்திருக்கும் நேம்நோடுக்குக் குறைந்தது 60 கிகாபைட் நினைவகம் வேண்டும் என்று யாஹூவின் கான்ஸ்டான்டின் ஷ்வாச்கோ 2010-ல் கணக்கிட்டுக் காட்டினார். கோப்பு பெரிதா சிறிதா என்பது பேரேட்டுக்குப் பொருட்டில்லை, எத்தனை வரி என்பதுதான் பொருட்டு. சின்னச் சின்னக் கோப்புகளைக் கொட்டியவர்கள், வட்டு பாதி காலியாக இருக்கும்போதே மூச்சு முட்டினார்கள். அதைவிடப் பெரிய பயம், நேம்நோடு விழுந்தால் எல்லாம் நின்றுவிடும் என்பது. ஃபேஸ்புக் தன் சொந்த மாற்று நேம்நோடை எழுதிக்கொண்டது. பொது வெளியீட்டில் அந்த வசதி ஹடூப் 2 வழியாக, 2013-ல்தான் உறுதியாக வந்தது. ஏழு ஆண்டுகள், உலகின் பெரிய தரவுக் கிடங்குகள் பலவும் ஒரே ஓர் இயந்திரத்தின் உயிரை நம்பி நடந்தன.

கூகுளுக்கும் அதே தடை வந்தது. 2009-ல் அளித்த பேட்டியில் கூகுள் பொறியாளர் ஷான் குயின்லன், ஒற்றைத் தலைமை என்ற முடிவு முறைமையை விரைவில் வெளியிட எப்படி உதவியது, பிறகு எப்படி நெருக்கடியானது என்பதை ஒளிக்காமல் சொன்னார். அடுத்து வந்த கொலோசஸ் பேரேட்டையே பிக்டேபிள் என்ற பரவல் தரவுத்தளத்தில் வைத்துவிட்டது. அதனால் முந்தைய முறைமையின் மிகப் பெரிய கூட்டத்தைவிட நூறு மடங்குக்கு மேல் வளர முடிந்தது என்று கூகுள் பின்னர் எழுதியது.

பேரேடு பெருத்தால் சிக்கல் என்றால், பேரேடே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியும் என்றார், மூன்றாவது விடையைத் தந்த சேஜ் வைல். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் ஆய்வு மாணவராக இருந்தவர். அவருடைய ஆய்வுக்குப் பணம் கொடுத்ததும் அதே மூன்று அணு ஆய்வகங்கள்தான். 2006-ல் வெளியான செஃப் கட்டுரையும், அதோடு வந்த கிரஷ் கட்டுரையும் இருப்பிடத்தைத் தேடும் வேலையைக் கணக்குப் போடும் வேலையாக மாற்றின. துண்டின் பெயரை ஒரு சூத்திரத்தில் போட்டால் ஒரு குழு எண் வரும். அந்த எண்ணையும், எந்த அறையில் எந்த ரேக், எந்த ரேக்கில் எந்த வட்டு என்று காட்டும் சிறிய வரைபடத்தையும் கிரஷ் சூத்திரத்தில் போட்டால், நகல்கள் இருக்கும் வட்டுகளின் பட்டியல் வரும். வரைபடம் கையில் இருக்கும் எவரும் இதைத் தாமே போட்டுக்கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. கோடிக்கணக்கான துண்டுகள் இருந்தாலும் வரைபடம் வட்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பவே வளரும். மூன்று நகலும் ஒரே ரேக்கில் விழக்கூடாது என்ற விதியையும் சூத்திரத்திலேயே எழுதிவிடலாம்.

அழகான விடை. விலை இல்லாத விடை அல்ல. வரைபடம் மாறினால் சூத்திரத்தின் விடையும் மாறும்; விடை மாறினால் தகவல் இடம்பெயர வேண்டும். புதிய வட்டுகளைச் சேர்த்த நாளில் செஃப் கூட்டம் முழுவதும் தகவலை நகர்த்திக்கொண்டிருக்கும், பயனர்கள் வேகம் குறைந்தது என்று புலம்புவார்கள். பராமரிப்புக்காக ஒரு சர்வரை அணைப்பதற்கு முன், இதை வெளியேற்றாதே என்று ஒரு கொடியை ஏற்றி வைப்பது செஃப் நிர்வாகிகளின் அன்றாடப் பழக்கம். செஃப் முதிர்வதற்கும் நெடுங்காலம் ஆனது. முதல் நிலையான வெளியீடு 2012-ல். அதன் கோப்பு முறைமைப் பகுதி உறுதியானது என்று அறிவிக்கப்பட்டது 2016-ல். பத்தாண்டு காலம் வழக்கமான லினக்ஸ் கோப்பு முறைமைகளின் மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அவை இந்த வேலைக்குப் பொருந்தவில்லை என்று கண்டு, வட்டில் நேரடியாக எழுதும் புளூஸ்டோர் அடுக்கைச் செஃப் குழு தானே எழுதியது. அந்தப் பத்தாண்டு அனுபவத்தை 2019-ல் ஒரு கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். தங்கள் தொடக்க முடிவு தவறாகப் போனதை அவ்வளவு விரிவாக எழுதியதற்காகவே அவர்களை நான் மதிக்கிறேன்.

நான்காவது விடையைச் சொன்னவர் தமிழர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி, அமெரிக்காவில் கலிஃபோர்னியா டிஜிட்டல் என்ற நிறுவனத்தின் தலைமைத் தொழில்நுட்ப அலுவலராக இருந்தார். அந்நிறுவனம் லிவர்மோர் ஆய்வகத்துக்குக் கட்டிய தண்டர், 4,096 இட்டானியம் 2 செயலிகளோடு 2004 ஜூன் மாத உலக அதிவேகக் கணினிப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. மீண்டும் லிவர்மோர்! 2005-ல் அவர் தொடங்கிய நிறுவனத்திலிருந்து வந்தது க்ளஸ்டர்எஃப்எஸ். பொறியியல் பணியின் பெரும்பகுதி பெங்களூரில் நடந்தது. அவர் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தில் ஊறியவர். குனு ஹர்டு இயக்க முறைமையிலிருந்து எடுத்த ஓர் எண்ணத்தை அடித்தளமாக வைத்தார். ஒவ்வொரு வசதியும் ஒரு சிறிய மொழிபெயர்ப்பு அடுக்கு. நகல் வேண்டுமா, ஓர் அடுக்கு. பரவல் வேண்டுமா, இன்னோர் அடுக்கு. தேவைப்பட்டதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளலாம்.

நிலைபெற்ற வடிவத்தில் இதில் மெட்டாடேட்டா சர்வரே கிடையாது. கோப்பின் பெயரைச் சூத்திரத்தில் போட்டால் ஓர் எண். அந்த எண் எந்த வீச்சுக்குள் விழுகிறதோ அந்தச் சேமிப்பிடத்தில் கோப்பு. வீச்சுகள் ஒவ்வொரு சேமிப்பிடத்திலும் உள்ள கோப்புறையின் மேலேயே குறிக்கப்பட்டிருக்கும். தலைமை இயந்திரமோ மைய வரைபடமோ வேண்டாம். இரண்டு சாதாரண சர்வர்களை எடுத்து, நான்கைந்து கட்டளைகளில் ஒரே சேமிப்பாக மாற்றிவிடலாம். லஸ்டரை நிறுவ ஒரு நிபுணர் குழு வேண்டியிருந்த காலத்தில், இது சிறிய கல்லூரிக்கும் சிறிய திரைப்பட ஸ்டுடியோவுக்கும் எட்டக்கூடிய தொழில்நுட்பமாக இருந்தது. இன்னொரு நல்ல குணமும் உண்டு. இயல்பான அமைப்பில் சேமிப்பிடத்தைத் திறந்தால், உங்கள் கோப்பு அதே பெயரில் முழுக் கோப்பாக இருக்கும். மென்பொருள் முழுவதும் செயலிழந்தாலும் கோப்புகளை அள்ளிக்கொண்டு போய்விடலாம். எச்.டி.எஃப்.எஸ்-இலோ செஃப்-இலோ அது நடக்காது. பேரேடோ வரைபடமோ போனால் மிஞ்சுவது பெயரில்லாத துண்டுகள்.

விலை? கோப்பின் பெயரை மாற்றினால் சூத்திரத்தின் விடையும் மாறும்; கோப்போ பழைய இடத்தில் இருக்கும். புதிய இடத்தில் ஒரு வழிகாட்டிக் கோப்பை விட்டுவைப்பார்கள். கோப்புறையின் பட்டியலைக் கேட்டால் எல்லாச் சேமிப்பிடங்களையும் கேட்க வேண்டும். லட்சம் சிறு கோப்புகள் உள்ள கோப்புறையில் பட்டியல் வருவதற்குள் பொறுமை போய்விடும். இரண்டே நகல் வைத்தவர்களுக்கு இன்னும் கடுமையான சோதனை வந்தது. இரண்டு சர்வர்களுக்கு இடையே வலை அறுந்து, இரண்டிலும் தனித்தனியாக மாற்றங்கள் எழுதப்பட்டுவிட்டால் எது உண்மை? சொல்ல யாரும் இல்லை. தகவல் இல்லாமல், சாட்சி சொல்ல மட்டும் மூன்றாவது சர்வர் ஒன்றை வைக்கும் ஏற்பாடு 2015-ல் வந்தது. பேரேட்டை முற்றிலும் ஒழித்த முறைமைக்கும் முடிவில் ஒரு நடுவர் தேவைப்பட்டார்.

ரெட் ஹேட் நிறுவனம் 2011-ல் பெரியசாமியின் நிறுவனமான க்ளஸ்டரை 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. 2014-ல் அதே ரெட் ஹேட், செஃப்-ஐ வளர்த்த இன்க்டேங்க் நிறுவனத்தை 17.5 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரே வீட்டில் இரண்டு சேமிப்புகள். மெய்நிகர் கணினிகளுக்கு வட்டு தருவதில் செஃப் சிறந்து விளங்கியது. மேகக் கணிமை வளர்ந்த வேகத்தில் அதன் பக்கமே கவனம் சாய்ந்தது. க்ளஸ்டருக்கான ரெட் ஹேட் ஆதரவு 2024 டிசம்பர் 31 அன்று முடிந்தது. நிரல் திறந்தே இருக்கிறது, ஆனால் கைகள் குறைந்துவிட்டன. திறமூல மென்பொருள் சாகாது என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லஸ்டருக்கும் இந்தக் கண்டம் வந்தது: 2007-ல் சன் வாங்கியது, சன்-ஐ ஆரக்கிள் வாங்கியது, 2010 இறுதியில் ஆரக்கிள் கைவிட்டது. ஆனால் ஆய்வகங்கள் லஸ்டரைக் கைவிடவில்லை. அதை உருவாக்கியவர்களில் பலர் வாம்கிளவுட் என்ற நிறுவனத்தில் கூடினார்கள், ஆய்வகங்களின் பணம் தொடர்ந்து வந்தது. 2022-ல் உலகின் முதல் எக்ஸாஃப்ளாப் கணினியான ஃபிரான்டியரின் பின்னால் நிற்பதும் லஸ்டர்தான். அதன் சுழலும் வட்டுகள் மட்டும் 679 பெட்டாபைட். தன்னைவிட்டால் கதியில்லை என்று ஒரு பயனர் கூட்டம் இருந்தால் மட்டுமே ஒரு முறைமை பிழைக்கிறது.

இப்போது ஒப்பிடலாம். ஒரே பெரிய கணக்கை ஆயிரம் செயலிகள் சேர்ந்து போடுகின்றன, நிரலை மாற்ற முடியாது என்றால் லஸ்டர் அல்லது ஐ.பி.எம்.மின் முறைமை. பெரிய பெரிய கோப்புகளை ஒருமுறை எழுதிப் பலமுறை படித்து அலசுவதுதான் வேலை என்றால் எச்.டி.எஃப்.எஸ். இன்றும் திடமானது, ஆனால் எழுதிய கோப்பின் நடுவில் திருத்த அது விடாது, அதை யூனிக்ஸ் கோப்புறைபோல நடத்த முயன்றவர்கள் வருந்தினார்கள். மெய்நிகர் வட்டு, பொருள் சேமிப்பு, கோப்பு மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும், பார்த்துக்கொள்ளத் தேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள் என்றால் செஃப். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் 2013-ல் 3 பெட்டாபைட் செஃப் கூட்டத்தோடு தொடங்கியது அந்த வகையில்தான். இரண்டு மூன்று சர்வர்களும் ஒரே ஒரு நிர்வாகியும் உள்ள இடத்தில் செஃப் பெரும் சுமை. அங்கே க்ளஸ்டர் விட்டுச்சென்ற வெற்றிடம் இன்னும் நிரம்பவில்லை என்பதே என் கருத்து.

செலவைப் பற்றி ஒரு சொல். மூன்று நகல் என்றால் 1 பெட்டாபைட்டுக்கு 3 பெட்டாபைட் வட்டு வாங்க வேண்டும். 2017 டிசம்பரில் வந்த ஹடூப் 3, ஆறு துண்டுகளுக்கு மூன்று ஈட்டுத் துண்டுகளைக் கணக்கிட்டு வைக்கும் ரீட்-சாலமன் முறையைக் கொண்டுவந்தது. ஒன்றரை மடங்கு வட்டு போதும், எந்த மூன்று துண்டு போனாலும் மீட்கலாம். மூன்று நகல் முறை இரண்டு போகும்வரைதான் தாங்கும். ஆனால் ஒரு துண்டை மீட்க ஆறு துண்டுகளைப் படிக்க வேண்டும், கணக்கும் போட வேண்டும். அடிக்கடி தொடாத பழைய தகவலுக்கே இது சரி.

வட்டுகள் எவ்வளவு சாகும் என்பதிலும் விளம்பரத்தை நம்பக்கூடாது. கார்த் கிப்சனும் பியாங்கா ஷ்ரோடரும் ஏறத்தாழ 1 லட்சம் வட்டுகளின் பதிவேடுகளை அலசி 2007-ல் எழுதினார்கள். உற்பத்தியாளர் தரும் எண்ணின்படி ஆண்டுக்கு 0.88 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. களத்தில் 2 முதல் 4 சதவீதம் சாதாரணம், சில இடங்களில் 13 சதவீதம். பத்தாயிரம் வட்டுகள் உள்ள கூடத்தில் 3 சதவீதம் என்றாலே ஆண்டுக்கு முந்நூறு. கிட்டத்தட்ட நாளுக்கு ஒன்று.

எனவே உங்கள் நிறுவனத்துக்கோ கல்லூரிக்கோ ஒரு முறைமையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், வேகச் சோதனையைக் கடைசியில் வையுங்கள். முதலில் உண்மையான தகவலை நிரப்புங்கள். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வட்டைப் பிடுங்குங்கள், பிறகு ஒரு சர்வரின் மின்சாரத்தை நிறுத்துங்கள், பிறகு பேரேட்டை வைத்திருக்கும் இயந்திரத்தையே அணையுங்கள். எத்தனை நிமிடத்தில் எழுகிறது, எழுந்த பிறகு ஒவ்வொரு கோப்பின் சரிபார்ப்பு எண்ணும் பொருந்துகிறதா என்று பாருங்கள். விற்பனையாளர் இதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் வாங்காதீர்கள்.

அடுத்த பகுதி, 2006 மார்ச் 14 அன்று அமேசான் திறந்துவைத்த எஸ்3 பற்றி. கோப்புறை மரத்தையே கைவிட்ட சேமிப்பு அது.

(தொடரும்)